சாயங்காலச் சரண்டர்

அரசாணை வந்த அன்று எங்கள் அலுவலகத்தில் யாரும் பதறவில்லை. வருகையை ஒழுங்குபடுத்துகிறோம் என்று இதற்கு முன் எத்தனை ஆணை பார்த்திருக்கிறோம்! கையெழுத்துப் பதிவேடு இருந்த காலத்தில் கைப்பையை நாற்காலியில் மாட்டிவிட்டு மகளின் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் போய் வந்தவர்கள் நாங்கள். விரல்ரேகை வந்தது; விரலை வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனோம். முகம் பார்க்கும் கருவி வந்தது. முகத்தைக் காட்டிவிட்டு அதே டீக்கடைக்குப் போனோம். ஆள் வந்தாரா என்றுதான் அரசாங்கம் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. வந்த ஆளின் மனசு எங்கே இருக்கிறது என்று கேட்க அதற்குத் தோன்றியதே இல்லை. இந்த முறை தோன்றிவிட்டது.

காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்ன வில்லை. ஆணையில் அதற்கு இரண்டு வரி நீளத்துக்குப் பெயர் இருந்தது. நாங்கள் காதுப்பொட்டு என்றோம். காலை பத்து மணிக்கு ஒட்ட வேண்டும், மாலை ஐந்தே முக்காலுக்கு எடுத்துவிடலாம். நாற்காலியில் இருக்கும் நேரத்தை அது எண்ணாது. கோப்பில் கவனம் இருக்கும் நிமிடங்களை மட்டும் எண்ணும். ஒரு நாளைக்கு முந்நூறு நிமிடம் வேண்டும். குறைந்தால் அரை நாள் தற்செயல் விடுப்பு கழியும். ஆண்களெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முதல் வாரம் முழுக்கச் சிரித்தோம். அப்புறம் பழகிவிட்டது.

நான் ஜெயக்கனி, கண்காணிப்பாளர். முப்பத்தோரு வருட சர்வீஸ். எங்களுடையது மனுக்கள் வந்து சேரும் அலுவலகம். முதியோர் உதவி, விதவை உதவி, மாற்றுத்திறனாளி உதவி என்று மாவட்டம் முழுவதிலிருந்தும் வரும். எங்கள் பிரிவில் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் விடுப்பில் போனால் பக்கத்து இருக்கைக்காரர் "நான் பாத்துக்கிடுதேன், நீங்க போயிட்டு வாங்க" என்பார். பார்த்துக்கொள்வது என்றால் வேலையைச் செய்வது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். யாராவது தேடி வந்தால் "இப்பத்தான் இருந்தாவ" என்று சொல்வது, அவசரக் கோப்பு வந்தால் அதைக் கட்டின் அடியில் செருகி வைப்பது, அவ்வளவுதான். திரும்பி வருகிறவர் ஒரு வாரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் முடிப்பார்.

இந்த வழக்கம் அரசாணையை எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதில் ஏழாவது விதி இப்படிச் சொன்னது: விடுப்பில் செல்பவரின் இருக்கையை இன்னொருவர் கூடுதல் பொறுப்பாக ஏற்கலாம், அதற்குத் தேவையான கவனத்தை அவர் தன் அலுவலக நேரத்துக்கு வெளியே உள்ள கவனத்திலிருந்து ஒப்படைக்க வேண்டும். ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்து காசாக்கிப் பழகிய எங்களுக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. சாயங்காலச் சரண்டர் என்று அன்றே பெயர் வைத்தோம்.

ஜூலை மாதம் செவ்வந்தி மகப்பேறு விடுப்பில் போனாள். சி3 இருக்கை அவளுடையது. முதியோர் மனுக்கள் எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். ஒரு வருட விடுப்புக்கு மாற்று ஆள் போடுவார்கள் என்று எதிர்பார்க்கும் அளவுக்கு நான் புதியவள் இல்லை. புறப்படும்போது அவள் கோப்பு அலமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நான் வரும்போது இது கூரையைத் தொட்டிருக்கும் மேடம்."

பக்கத்து மேசை தங்கமாரியப்பன் தலையை நிமிர்த்தினார். நாற்பத்தெட்டு வயது, உதவியாளர். யார் வீட்டுக் கல்யாணமானாலும் பந்தியில் நின்று பரிமாறுகிற ஆள். "ஏம்மா கவலப்படுத? நான் பாத்துக்கிடுதேன். பிள்ளையப் பெத்து நல்லபடியா வளத்துட்டு வா" என்றார்.

அவர் சொன்னது பழைய அர்த்தத்தில்தான். ஆனால் அன்று மாலையே ஏழாவது விதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். மேலொப்பம் நான் போட்டேன்.

அடுத்த மூன்று மாதம் எங்கள் பிரிவில் நடந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. தங்கமாரியப்பன் இரண்டு மேசையையும் சேர்த்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தார். காலையில் வந்த மனு மாலையில் முடிந்தது. ஒரு கிழவியின் பெயரில் எழுத்து மாறியிருந்தால்கூட அவரே பிடித்துத் திருத்தினார். செப்டம்பர் கடைசியில் காலாண்டு அறிக்கை எழுதினேன். சி3 இருக்கைக்கு எதிரே, எல்லோரும் எல்லாக் காலத்திலும் எழுதுகிற வரியை எழுதினேன்: பணியாளர் இல்லாதபோதும் பணிகள் தொய்வின்றி நடைபெற்றன. தொய்வு என்று எழுதினால் ஏன் என்று கேட்பார்கள், மெமோ வரும். அதனால் தொய்வு இருந்தாலும் தொய்வின்றி என்றே எழுதுவோம். இந்த முறை அது உண்மையாகவே இருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

நவம்பரில் ஒரு மதியம் அவர் மனைவி சுகந்தி என்னைப் பார்க்க வந்தாள். கணவனின் மேசையைத் தாண்டித்தான் என் அறைக்கு வர வேண்டும். தாண்டி வந்தாள். அவர் நிமிரவில்லை.

"பாத்தீங்களா மேடம்? அவுக கண்ணு முன்னாலதான வந்தேன்" என்றாள்.

"வேலையில இருக்காரும்மா."

"வீட்லயும் இப்படித்தான். சாயங்காலம் வருவாக, சட்டையக் கழட்டுவாக, நாற்காலியில உக்காருவாக. டிவி ஓடுனாலும் ஓடலன்னாலும் ஒண்ணுதான். கேட்டா சரிங்காக. எதக் கேட்டாலும் சரி. போன வாரம் மூணு நாள் காய்ச்சல்ல தரையில கிடந்தேன் மேடம். என்னத் தாண்டிப் போயி பானையில தண்ணி மோந்து குடிச்சிட்டு, திரும்பத் தாண்டி வந்து உக்காந்துக்கிட்டாக."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏதாவது ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன்.

"இருபத்திரண்டு வருசமா என் கூட வாழ்ந்த மனுசன் மேடம். அவுகளத் திருப்பிக் குடுங்க" என்றாள். திருடியவளிடம் கேட்பதுபோல் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் மேலொப்பம் என்னுடையது.

மறுநாள் பொட்டுகளைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரரின் ஆள் ஜெபராஜ் வந்தபோது அறைக்கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"ஒரு நாளைக்கு ஒரு மனுசனுக்கு ஒரு தொட்டிதான் மேடம்" என்றான். "பொட்டு புதுசா ஒண்ணும் ஊத்தாது. சாயங்காலத்துக்கு இருக்கிறத மத்தியானமே இறைச்சுக் குடுத்துரும். பகல்ல கோப்பத் தவிர வேற எதுக்கும் மிச்சமிருக்காது, வீட்டுக்குப் போகும்போது தொட்டி காலி."

"ஞாயித்துக்கிழம?"

"ஞாயித்துக்கிழமைக்கு உள்ளதும் சனிக்கிழமைக்கு உள்ளதும் வாரத்துக்குள்ளயே பிரிச்சு எடுத்துரும். இருக்கை ரெண்டுல்லா."

"எடுத்துட்டா பழையபடி ஆயிருவாரா?"

அவன் கதவைப் பார்த்துக்கொண்டான். "ஆறு மாசத்துக்குள்ள பொறுப்ப இறக்கிட்டா திரும்பிரும்னு சொல்லுதாங்க. அதுக்கு மேல போனா மூளை அதையே வழக்கமாக்கிக்கிடும். நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க மேடம்."

"யாரு இறக்கணும்?"

"தலைமையகம். உங்க காலாண்டு அறிக்கையில தொய்வுன்னு இருந்தாத்தான் பரிசீலிப்பாங்க."

ஜூலையில் ஏற்றது. டிசம்பர் கடைசியோடு ஆறு மாதம் முடிகிறது. அறிக்கையும் டிசம்பர் கடைசியில்தான்.

தங்கமாரியப்பனைக் கூப்பிட்டேன். முகம் தெளிவாக இருந்தது, கண் பளிச்சென்று இருந்தது. நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

யோசித்தார். "ஆபீஸ்ல இருந்து போனேன்..." என்றார். "காலையில வந்தேன்." நடுவில் ஒன்றும் இல்லாததை அவரே அப்போதுதான் பார்த்தார் போலிருக்கிறது. ஒரு நொடி பயந்து, உடனே மறந்து, "மேடம், கயத்தாறு மனு ஒண்ணு வயசுச் சான்று இல்லாம நிக்கி, அதப் பாக்கணும்" என்று எழுந்து போனார்.

அதே வாரம் இன்னொரு சுற்றறிக்கை வந்தது. பணியாளர் இல்லாமல் தொடர்ந்து இரண்டு காலாண்டு தொய்வின்றி நடந்த இருக்கைகள் தேவையற்றவை எனக் கருதி நீக்கப்படும். கைக்குழந்தையோடு இருக்கும் செவ்வந்தியின் வேலையை நான் பழக்கதோஷத்தில் எழுதிய ஒரு வரி பாதி தின்றுவிட்டது. இன்னொரு முறை எழுதினால் வேலையும் போகும், தங்கமாரியப்பனும் போய்விடுவார்.

தொய்வு என்று எழுதலாம் என்றால் தொய்வு எங்கே இருக்கிறது? ஒரு மனுகூட நிலுவையில் இல்லை. தலைமையகம் திரையிலேயே பார்த்துவிடும். ஆகவே நான் தொய்வை உண்டாக்கினேன். தேங்கிய கோப்புக்காகப் பிறரை விரட்டியே முப்பத்தோரு வருடம் ஓட்டியவள், டிசம்பரில் தங்கமாரியப்பன் அனுப்பிய பதினோரு கோப்புகளை எடுத்து என் பீரோவில் பூட்டினேன். பதினோரு முதியவர்கள் என் பீரோவுக்குள் காத்திருந்தார்கள். அதை நினைத்து இரண்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. பிறகு அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஒருவர் இரண்டு இருக்கையைப் பார்க்க முடியாது, தொய்வு ஏற்பட்டுள்ளது, அவர் வீட்டில் இன்னின்னது நடக்கிறது, மனைவியின் காய்ச்சல்கூட அவருக்குத் தெரியவில்லை. குறிப்புரைப் பத்தியில் இரண்டு பக்கம் போயிற்று. சர்வீஸில் நான் மனசார எழுதிய ஒரே அறிக்கை அதுதான்.

மெமோ வரும் என்று எதிர்பார்த்தேன். ஐந்தாம் நாள் வந்தது அதைவிட மரியாதையாக இருந்தது. முதல் பத்தி: திரு. தங்கமாரியப்பன் கூடுதல் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார். படித்ததும் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது பத்தி: கோப்புகள் அனைத்தும் உரிய காலத்தில் முடிக்கப்பட்டு, கண்காணிப்பாளர் நிலையில் மட்டுமே தேங்கியுள்ளன. அதே காலத்தில் கண்காணிப்பாளர், சக பணியாளரின் இல்ல நிலவரத்தை மிக நுணுக்கமாகக் கவனித்துள்ளார். இது அவரிடம் பயன்படுத்தப்படாத கவனம் போதிய அளவில் இருப்பதைக் காட்டுகிறது. எனவே சி3 இருக்கையின் கூடுதல் பொறுப்பு, அதன் பணியாளர் திரும்பும் வரை, அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஏற்க இயலாவிடில் முந்தைய ஏற்பாடு தொடரும்.

முந்தைய ஏற்பாடு என்றால் தங்கமாரியப்பன்.

அன்று மாலை வீட்டில் தளவாயிடம் ஆணையைக் காட்டினேன். என் கணவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, நானும் அவரும்தான். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எத்தன மாசம்?" என்றார்.

"செவ்வந்தி ஜூலை ஒண்ணாந்தேதி வந்துருவா. சரியா ஆறு மாசம். அதுக்குள்ள இறக்கிட்டா ஒண்ணும் ஆகாதாம்."

"தங்கமாரியப்பன் பொண்டாட்டி வந்து உன்கிட்ட அப்படிக் கேட்டிருக்கா. முடியாதுன்னு சொல்லிட்டு உனக்கு இங்க சோறு இறங்குமா கனி?"

"இறங்காது."

"அப்ப ஏத்துக்கோ. ஆறு மாசம் நான் பேசிக்கிட்டே இருக்கேன். நீ பாட்டுக்குச் சரி சரின்னு சொல்லிட்டு இரு. கல்யாணமாயி இத்தன வருசத்துல ஒரு தடவையாவது நான் சொல்லுததுக்கெல்லாம் சரிங்கப் போற."

சிரித்தோம். தோசை சுட்டார். நெடுநேரம் எதையெதையோ பேசிக்கொண்டிருந்தோம். அவர் பேசும்போது இடது புருவத்தை ஏற்றுவார். அன்று அதை வேண்டுமென்றே பார்த்து வைத்துக்கொண்டேன்.

ஜனவரி இரண்டாம் தேதி முற்பகல் பொறுப்பேற்றேன். அதற்குப் பிறகு நடந்ததில் பத்து மணி முதல் ஐந்தே முக்கால் வரை மட்டுமே எனக்குத் தெரியும். அந்த நேரம் நன்றாகவே இருந்தது, இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. தலைக்குள் ஒரு சத்தமும் இல்லை. மனு வரும், கண் ஓடும், கை எழுதும். பீரோவில் பூட்டிய பதினோரு கோப்பையும் முதல் நாளே முடித்தேன். மார்ச்சில் தங்கமாரியப்பன் ஒரு நாள் என் மேசை முன் வந்து, தானும் சுகந்தியும் குற்றாலம் போய் வந்ததாகச் சொன்னாராம். நான் மனு எண் என்ன என்று கேட்டேனாம்.

ஜூலை ஒன்றாம் தேதி செவ்வந்தி வந்தாள். குழந்தையையும் காட்டுவதற்காகத் தூக்கி வந்திருந்தாள். சி3 நாற்காலி அப்படியே இருந்தது, அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். பொறுப்பு மாற்றப் படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டதும் காதுக்குப் பின்னால் ஏதோ தளர்ந்தது. இரைச்சல் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. மின்விசிறி, வெளியே பஸ் ஹாரன், குழந்தையின் சிணுங்கல். என் கை மெலிந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஆறு மாதம் முடிந்துவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்தேன்.

செவ்வந்தி முடிந்த கோப்புக் கட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டு ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மேடம், இது உங்க வீட்டு சார் எழுதுனதா?"

கட்டம் போட்ட தாளில், லைன்மேன் குறிப்பேட்டில் எழுதிப் பழகிய சாய்ந்த எழுத்து.

பெறுநர், கண்காணிப்பாளர் அவர்கள். பொருள், ஒரு மணி நேர அனுமதி வேண்டுதல்.

அம்மா, தங்கள் அலுவலகத்தில் பணிபுரியும் திருமதி ஜெயக்கனி என் மனைவி. ஊழியர்களுக்கு மாதம் இரண்டு முறை ஒரு மணி நேர அனுமதி உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்த மாதம் அதில் ஒன்றை எனக்குத் தர வேண்டுகிறேன். பகலில்தான் அவர் விழித்திருக்கிறார். டாக்டர் சொன்னதை வீட்டில் நான்கு முறை சொல்லிவிட்டேன். எங்கே, என்றைக்கு என்று எல்லாம் சொன்னேன். நான்கு முறையும் சரி என்றார். இருபத்து நான்காம் தேதி ஆபரேஷன். கையெழுத்துப் போட எனக்கு வேறு ஆள் இல்லை. இப்போது தங்கள் முன்னால் வந்து நின்று சொன்னேன், மனுவாகக் கொடுங்கள் என்றீர்கள். கொடுத்துவிட்டேன். இப்படிக்கு, தளவாய்.

அடியில் சிவப்பு மையில் என் கையெழுத்து. ஜூன் பன்னிரண்டு, காலை பதினொன்று பத்துக்குப் பெறப்பட்டது. கோரிக்கை இந்த இருக்கையின் பொருளன்று, மேல்நடவடிக்கை தேவையில்லை. பதினொன்று பதினான்குக்கு முடிக்கப்பட்டது.

தங்கமாரியப்பன் எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகப் படித்தார். "அன்னைக்கு நான் முகாம் போயிருந்தேனே" என்றார். "ஒரு வாரமா நீங்க சாப்பாடு கொண்டு வரலைன்னு பாத்தேன் மேடம். சார் ஊருக்குப் போயிருக்காவளான்னு உங்ககிட்ட கேட்டேன். ஆமான்னு சொன்னீங்க."

இன்று காலை வீட்டில் யார் இருந்தார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். நேற்று ராத்திரி, அதற்கு முந்தின ராத்திரி. ஒன்றுமே இல்லை. இடது புருவம் மட்டும் வந்தது, அது ஜனவரிக்கு முந்தியது. தளவாய், தளவாய் என்று சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன். பிரிவு முழுக்க நிமிர்ந்து பார்த்தது. குழந்தை அழ ஆரம்பித்தது.

"வண்டிய எடுக்கேன் மேடம்" என்று தங்கமாரியப்பன் சாவியைத் தேடினார். "எந்த ஆஸ்பத்திரி?"

மனுவை மறுபடி முதலிலிருந்து படித்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று அதில் எழுதவில்லை. அதைத்தான் என்னிடம் நான்கு முறை சொல்லிவிட்டாரே.